நேர்ந்துவிட்ட கிடாவும் 1950ஆம் ஆண்டுச் சட்டமும்

2003 ஆகஸ்ட் கடைசியில் மாவட்ட ஆட்சியர்களுக்கும் காவல்துறைக்கும் தமிழ்நாடு அரசிடமிருந்து ஓர் உத்தரவு போனது: கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுத்து நிறுத்துங்கள். இதற்கென்று புதிதாகச் சட்டம் எதுவும் போடவில்லை. சட்டம் ஏற்கெனவே இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்கு அன்றைக்குச் செய்தித்தாள் பார்த்துத்தான் தெரிந்தது.

குமாரசாமி ராஜா சென்னை மாநில முதல்வராக இருந்தபோது, 1950இல் வந்தது அந்தச் சட்டம். கோயிலிலோ அதன் சுற்றுப்புறத்திலோ, வழிபாட்டுக்குக் கூடிய கூட்டத்திலோ ஊர்வலத்திலோ விலங்கையும் பறவையையும் பலி கொடுக்கக் கூடாது. கொடுப்பவர், முன்நின்று நடத்துபவர், இடம் தருபவர் எல்லாரும் குற்றவாளிகள். எழுதிவைத்ததோடு சரி. மதுரைப் பாண்டிகோயிலில் கிடா வெட்டுக்குக் கூட்டம் சேர்ந்தால் போலீஸ்காரர் வந்து வண்டிகளை ஒழுங்குபடுத்துவார். அரிவாள் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இதுதான் நிலைமை.

2004 பிப்ரவரியில், உத்தரவு போட்ட அதே ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து 1950ஆம் ஆண்டுச் சட்டத்தையே நீக்கிவிட்டது. 53 வருடம் தூங்கி, ஆறே மாதம் விழித்திருந்து, செத்துப்போன சட்டம். ஏப்ரல், மே மாதங்களில் மக்களவைத் தேர்தல் வரவிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனால் ஓட்டுக்குப் பயந்துவிட்டார்கள் என்று சொல்லி முடித்தால் நிகழ்வில் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம். ஓட்டையே அசைக்கும் அளவுக்கு அந்த ஆட்டில் என்ன இருந்தது?

அன்றைக்கு நடந்த சண்டை கொஞ்சம் விசித்திரமானது. ஜீவகாருண்யம் பேசுகிறவர்கள் உத்தரவை வரவேற்றார்கள். இடதுசாரிகளும் தலித் அமைப்புகளும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்களும் எதிர்த்தார்கள். சாமி இல்லை என்கிறவர்களில் சிலர் கருப்பசாமிக்காக வாதாட வேண்டியிருந்தது. மேல்சாதிக் கோயிலின் வழக்கத்தை எடுத்து ஊர்க்கோடிச் சாமியின் மேல் திணிக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கிடா கத்துவதைப் பக்கத்தில் நின்று கேட்டவனால் முதல் தரப்பை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கிடா

சிவகங்கைப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரை. அங்கேதான் எங்கள் குலசாமி. கூரை கிடையாது, நாலு நடுகல், ஓர் ஆலமரம், துருப்பிடித்த அரிவாள்கள். 2002இல் சித்தப்பாவின் பேத்திக்கு மஞ்சள்காமாலை முற்றி மருத்துவமனையில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்து வந்தால் கிடா தருகிறேன் என்று அவர் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. மருந்தும் கொடுத்தார்கள்தான். சித்தப்பா அதை மறுக்கவே இல்லை, ஆஸ்பத்திரிக்கும் கடைசிப் பைசா வரை கட்டிவிட்டுத்தான் வந்தார். அது ஒரு கணக்கு, இது ஒரு கணக்கு.

வாங்கிய குட்டி கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைச் சுட்டி. நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் அடிக்க மாட்டார்கள். அடுத்தவன் வயலில் வாய் வைத்தால்கூட, 'சாமி கிடா' என்று விரட்டிவிடுவதோடு சரி. அப்போது எட்டு வயதான என் தங்கைதான் அதற்கு அகத்திக்கீரை ஒடித்துப் போடுவாள். நேர்ந்ததற்குப் பெயர் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் ரகசியமாக மணி என்று வைத்திருந்தாள். அந்தப் பெயர் எனக்கு மட்டும் தெரியும்.

கும்பிட நாள் குறித்தது 2003 ஐப்பசியில். அதற்குள் உத்தரவு வந்துவிட்டது. பங்காளிகள் கூடிப் பேசினார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு சித்தப்பா, "எதுக்கு வம்பு? கிடா காசுக்கு அன்னதானம் போட்டுருவோம்" என்றார். சட்டென்று யாரும் மறுக்கவில்லை. மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தாதான் தலையைத் தூக்கினாள்.

"ஏண்டா, நீ பேங்க்ல வாங்குனது பணம். அதுக்குப் பதிலா ரெண்டு மூட்டை நெல்லைக் கொண்டுபோய்ப் போட்டா வாங்கிக்கிருவானா?"

அதற்கு மேல் அந்தப் பேச்சு நீளவில்லை.

கோயிலுக்கு ஓர் ஏட்டு வந்திருந்தார். சித்தப்பா போய், "ஏட்டய்யா, சாமி கும்பிட்டுக்கிறோம்" என்றார். "கும்பிடுங்க, கோயில் எல்லைக்குள்ள மட்டும் வேணாம் பெரியவரே, எனக்கும் குலசாமி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் டீக்கடைப் பக்கம் நடந்தார். எல்லை எது என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. பொங்கல் வைத்தாயிற்று, மாலை போட்டாயிற்று. கிடாவின் முதுகிலும் முகத்திலும் வேப்பிலையால் மஞ்சத்தண்ணி தெளித்தார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம், அதுவரை அரிவாளைத் தொடக் கூடாது.

கிடா சிலுப்பவில்லை. கல் மாதிரி நின்றது. மறுபடி தெளித்தார்கள். பத்து நிமிஷம், கால் மணி நேரம் ஆனது. எழுபது பேர் நின்ற இடத்தில் ஒரு சத்தம் இல்லை. சாமியாடி கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு தலைக்கட்டு குறையுது" என்றார். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பாகப்பிரிவினைச் சண்டையில் ஒதுங்கிப்போன பெரியப்பா மகன், கரைக்கு அந்தப் பக்கம் பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றார். வந்ததும் வராததுமாக. அப்பத்தா தானே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அவர் வந்து நின்றார், திருநீறு பூசினார்கள், தண்ணி தெளித்தார்கள். கிடா காதிலிருந்து வால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது.

குலவைச் சத்தம் போட்டார்கள். பெரியப்பா மகன் அழுதார்.

நான் அப்போது கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கத் தெரியாத வயது. காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் தலையைச் சிலுப்பத்தானே செய்யும் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் நாற்பது ஆடு வைத்திருந்தவர். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எனக்குத் தெரியாதாப்பா? மழை பேஞ்சா கிடை முழுக்கச் சிலுப்புது. சிலுப்புறது பெருசில்லை. எப்போ சிலுப்புதுங்கறதுதான்."

இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுபதில் இல்லை. ஆட்டைப் பற்றி என்னைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். தெரிந்துகொண்டேதான் நம்பினார்.

சட்டத்துக்கும் மரியாதை கொடுத்தார்கள். கிடாவை ஓடைக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் தோப்புக்குக் கொண்டுபோய் வெட்டினார்கள். அரசாங்கத்தின் உத்தரவால் அரிவாள் ஓர் இருநூறு அடி தள்ளிப்போனது. தங்கை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கதை அங்கே முடியவில்லை. அடுத்த தை மாதம் அதே பேத்திக்கு விடாத காய்ச்சல். 'சாமி முன்னாடி வெட்டாம ஓடை தாண்டி வெட்டுனது குத்தமாப் போச்சு' என்று பேச்சு கிளம்பியது. தடை நீங்கியதும், மாசியில் இன்னொரு கிடாவைக் கோயிலிலேயே வெட்டினார்கள். சட்டம் எங்கள் வீட்டில் ஒரு கிடாவையும் காப்பாற்றவில்லை. கூடுதலாக ஒன்றைக் கொண்டுபோனது.

கடன் என்கிற சொல்

நேர்த்திக்கடன் என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. சட்டம் எழுதுகிறவர்கள் கிடா வெட்டை ஒரு பழக்கமாகவோ ஒரு கருத்தாகவோ பார்க்கிறார்கள். பழக்கமென்றால் அபராதம் போட்டு விடவைக்கலாம், கருத்தென்றால் எடுத்துச் சொல்லி மாற்றலாம். நேர்ந்துகொண்டவருக்கு அது இரண்டும் இல்லை, பேர் சொல்லி, நாள் சொல்லி, இன்னது தருகிறேன் என்று வாங்கிய கடன். ஊரில் யாரிடமோ பட்ட கடனை, 'இனிமேல் யாரும் கடனைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது' என்று கலெக்டர் தண்டோரா போட்டால் மானமுள்ளவன் என்ன செய்வான்? ராத்திரியில் போய்க் கொடுத்துவிட்டு வருவான். தள்ளுபடி செய்ய வேண்டுமென்றால் கொடுத்தவர்தான் செய்ய முடியும்.

இன்னொன்று, அந்தக் கடன் ஒரு ஆளுடையதும் இல்லை. தலை யாருக்கு, தொடை யாருக்கு, தோல் யாருக்கு, தாய்மாமனுக்கு எந்தப் பங்கு என்று கூறு போடுவதில்தான் ஒரு வம்சம் யார் யார் சேர்ந்தது என்று வருடத்துக்கு ஒருமுறை கண்ணால் பார்க்க முடிகிறது. எனக்கு மட்டும் நம்பிக்கை போய்விட்டது என்று ஒருவர் விலகினால், சாமியிடமிருந்து மட்டுமா விலகுகிறார்? பங்காளி, மாமன், மச்சான் எல்லாரிடமிருந்தும்தான். கோயம்புத்தூர் சித்தப்பா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது அப்பத்தாவின் தர்க்கத்துக்குப் பயந்து மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது, அதைக் கிராமத்தில் யாரும் விளக்கிச் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்கள். கறிக்கடையில் அறுத்தால் குற்றமில்லை. அதே கிடாவை, அதே அரிவாளால், சாமி பேரைச் சொல்லி வெட்டினால் குற்றம். ஆட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்படியானால் தடை செய்தது கொல்வதையா, கும்பிடுவதையா? 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ, 28ஆவது பிரிவில், ஒரு சமூகத்தின் மதம் கோரும் முறையில் விலங்கைக் கொல்வது அந்தச் சட்டப்படி குற்றமாகாது என்கிறது. கேரளத்திலும் 1968இலிருந்து பலித் தடைச் சட்டம் இருக்கிறது. அதை எதிர்த்த வழக்கு 2020இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, தின்பதற்குக் கொல்லலாம், படைப்பதற்குக் கூடாதா என்ற இந்த முரணைத் தலைமை நீதிபதி பாப்டேயும் எழுப்பினார். எங்கள் ஊர் டீக்கடையில் 2003லேயே எழுப்பியாயிற்று.

ஆதாரம் ஏன் எடுபடவில்லை

சந்தேகம் ஒன்றும் வெளியிலிருந்து வந்த சரக்கில்லை. சங்கப் பாட்டு ஒன்றில் தலைவிக்கு வந்த நோவை முருகன் செயல் என்று சொல்லி, முருகனுக்கு வெறியாடும் பூசாரியான வேலன் ஆட்டுக்குட்டியைப் பலி கொடுக்க வருகிறான். தோழி அவனைக் கேட்கிறாள்: இவளை வருத்தியவன் மலைநாட்டுத் தலைவன். நீ கொடுக்கும் பலியை அவன் மார்பும் உண்ணுமோ? இதைவிடக் கூர்மையாக எந்தப் பகுத்தறிவு மேடையிலும் கேட்டுவிட முடியாது. கேட்டு இரண்டாயிரம் வருடம் ஆகப்போகிறது. வேலனுக்கு வேலை குறையவில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே பார்க்கலாம். பிள்ளை பிழைத்தது, சாமி காப்பாற்றியது. கிடா சிலுப்பவில்லை, சாமி கோபமாக இருக்கிறது. சிலுப்பியது, கோபம் தீர்ந்தது. கிடா கொடுத்தும் காய்ச்சல் வந்தது, கொடுத்த இடம் தப்பு. எந்தப் பக்கம் விழுந்தாலும் நிற்கிற பொம்மை இது. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தவறு நம்மிடம்தான் என்று எடுத்துக்கொள்ளும் ஒரு பணிவும் அதில் இருக்கிறது. அந்தப் பணிவுதான் ஆதாரத்தை உள்ளே விடாமல் வாசலில் நிற்கிறது. தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களையும் தோற்றபோது, 'கருப்பன் கிட்ட வச்சுக்கிட்டா இப்படித்தான்' என்று எங்கள் ஊரில் சொல்லிக்கொண்டார்கள். தடை நீங்கிய பிறகுதானே தோற்றார்கள் என்று கேட்டால், 'தடை போட்டது போட்டதுதானே' என்றார்கள். அரசாங்கத்தின் சட்டமே கடைசியில் சாமிக்குச் சாட்சியாகிவிட்டது.

சில சட்டங்கள் நின்றனவே?

நின்றன. இதே மாநிலத்தில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று தேவதாசி முறை ஒழிப்பு, மற்றொன்று கோயில் நுழைவு. இரண்டுமே மதத்தின் பெயரால் நின்றிருந்த வழக்கங்களைத்தான் தொட்டன. இரண்டுக்கும் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. கோயில் நுழைவு எல்லா ஊரிலும் முழுதாக நிறைவேறிவிட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அந்தச் சட்டங்களை நீக்கிவிட்டு ஓட்டுக் கேட்க எந்தக் கட்சிக்கும் துணிச்சல் வராது. காரணம், அந்த வழக்கத்தால் அடிபட்டவர்கள் உள்ளேயே இருந்தார்கள், வாய் திறந்து பேசினார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குள்ளிருந்து வந்து அதை எதிர்த்தவர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயருடன் நுழைந்தவர்கள், காலங்காலமாக வெளியே நிறுத்தப்பட்டிருந்த மனிதர்கள். கிடா மனுக் கொடுக்காது. அதற்காகப் பேசியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோயிலில் கும்பிடாதவர்கள்.

உள்ளிருந்து பேசிய ஒருவர் உண்டு. வள்ளலார். ஊர்ச் சாமிகளுக்கு ஆடும் பன்றியும் சேவலும் பலிக்குப் போவதைப் பார்த்து உள்ளம் நடுங்கியதாகப் பாடினார். அவர் ஆட்டை மட்டும் எடுத்துவிட்டுப் போகவில்லை. அந்த இடத்தில் ஜோதியை வைத்தார், 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி அணையா அடுப்பை மூட்டினார். கும்பிட ஒன்று, கூடிச் சாப்பிட ஓர் இடம். அவர் பின்னால் போனவர்கள் புலாலை விட்டார்கள், எந்தப் போலீசும் நிற்காமலே. போகாதவர்கள் போகவில்லை.

வெளியூர்க் கதைகளும் இதே மாதிரிதான். நேபாளத்தின் காதிமாய் கோயிலில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெரும் பலி. அதை நிறுத்தப்போவதாக 2015இல் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. 2019இல் மறுபடி எருமைகள் வெட்டப்பட்டன. அதே வருடம் செப்டம்பரில் திரிபுரா உயர் நீதிமன்றம் கோயில் பலிக்குத் தடை போட்டது, நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடைக்குத் தடை போட்டது. இலங்கை முன்னேசுவரம் பத்திரகாளி கோயிலில் 2011இல் அமைச்சர் மேர்வின் சில்வா ஆட்களுடன் போய் ஆடு கோழிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே விஷயம் இன்னும் சிக்கல், ஆட்டுக்காக வந்தாரா, அந்தக் கோயிலுக்காக வந்தாரா என்று தமிழர்கள் கேட்டதில் வியப்பில்லை.

யார் சொன்னால் மாறும்

இவ்வளவும் சொன்னதால் நாட்டார் வழிபாடு மாறவே மாறாது என்று எண்ணிவிடக் கூடாது. அது மாறிக்கொண்டேதான் இருக்கிறது. அழகர்கோயிலில் கள்ளழகருக்கு எல்லாம் சைவம், அவர் வாசலைக் காக்கும் பதினெட்டாம்படிக் கருப்பனுக்குக் கிடா. எத்தனையோ ஊர்களில் அய்யனார் சுத்த சைவம், பக்கத்தில் நிற்கும் கருப்பனுக்கு வெட்டும்போது அய்யனார் பார்க்காமலிருக்க நடுவில் வேட்டியைத் திரையாகப் பிடிக்கிறார்கள். குங்குமம் தடவிய பூசணிக்காயும், நடுவில் அரிந்த எலுமிச்சம்பழமும் எதற்குப் பதில் வந்தவை என்று யோசித்தால் கொஞ்சம் குலை நடுங்கும். எந்த அரசாணையும் இதையெல்லாம் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ சாமியிடம் கேட்டிருக்கிறார்கள், சாமி சரி என்றிருக்கிறது.

கேட்பதற்கு வழி உண்டு. சாமியாடி வாக்குச் சொல்லலாம், பல்லி கத்தலாம். பூக்கட்டிப் பார்ப்பதும் ஒரு வழி. செவ்வரளி ஒரு பொட்டலம், நந்தியாவட்டை ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு விவரம் தெரியாத ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வது. எந்தப் பூ வருகிறதோ அதுதான் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது.

எங்கள் பங்காளிகளில் மருமகள்களாக வந்த பலர் இப்போது கறி சாப்பிடுவதில்லை. கிடா விலையும் ஏறிவிட்டது. அப்பத்தாவும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கும்பிட்டபோது, இனிமேல் பொங்கல் மட்டும் வைக்கலாமா என்று கேட்டுப் பார்ப்போம் என்று முடிவானது. வெள்ளை வந்தால் பொங்கல், சிவப்பு வந்தால் கிடா. ஐந்து வயதுப் பிள்ளை குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்துச் சித்தப்பா கையில் கொடுத்தது. அவர் பிரித்தார். நந்தியாவட்டை.

அரசாங்கத்தையே ஓடை தாண்டி அலையவிட்ட மனிதர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி சொல்லிருச்சு. அப்புறம் என்ன?" என்றார். ஒருவரும் வாதாடவில்லை. கருப்பனுக்கு மட்டும் தனியாகக் கேட்க வேண்டும் என்று இன்னொரு கிளையார் சொல்கிறார்கள், அது வருகிற மாசியில்.

பொட்டலம் கட்டியது என் தங்கை. தரையில் கிடந்த இன்னொன்றை அவள் பிரிக்காமலே எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டதை நான் பார்த்தேன். நான் எதுவும் கேட்கவில்லை.